சமயப் பாடத்துக்கு நேரே ஒரு கோடு

முதலாம் தவணை அறிக்கை சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தது. என் மகள் அப்போது மூன்றாம் ஆண்டு. தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று எதை எடுத்தாலும் வகுப்பில் அவளுக்குத்தான் அதிகப் புள்ளி. சமயம் என்ற பாடத்துக்கு நேரே மட்டும் புள்ளி இல்லை. அங்கே அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். கூட்டுத்தொகையில் அந்தப் பாடமும் சேரும் என்பதால் வகுப்பில் அவள் பதினோராவது.

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் நின்றபடியே அறிக்கையை என்னிடம் நீட்டினாள்.

"அப்பா, கோடு போட்டா எத்தனை மார்க்ஸ்?"

ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப சைபர் போட்டிருக்கலாமே. சைபர்னா எழுதி பெயிலாயிட்டேன்னு அர்த்தம். என்னைய எழுதவே விடலையே."

அவளுக்கு முதலாம் பிள்ளையாக வர வேண்டும். எட்டு வயதில் அதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பொம்மை கேட்டதில்லை, நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகச் சொன்னதில்லை. ஒவ்வொரு வருட இறுதியிலும் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஒரு கேடயம் கொடுப்பார்கள். அது அதிபரின் அலுவலகத்து அலுமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். அவள் அதைப் பார்ப்பதற்காகவே வரவுப் பதிவு இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஓர் உப தபாலகத்தில் வேலை செய்கிறேன். மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டில் நடப்பதையும் தேதி போட்டுக் குறித்து வைப்பேன். ஆனாலும் இதில் வருடத்தை எழுதப் போவதில்லை. வருடத்தைச் சொன்னால் எந்தப் பள்ளி, எந்த டீச்சர் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். மகள் இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மாதமும் கிழமையும் போதும்.

அவள் பிறந்தபோது நாங்கள் சைவம். பள்ளியில் சேர்க்கும்போது கிறிஸ்தவம் என்று பதிந்தது என் மனைவியின் விருப்பம். அதற்கு முந்திய வருடம் மனைவியின் தம்பி கொழும்பில் வேலை செய்த இடத்தில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். அப்படிச் செத்தவனுக்குத் தப்பு மேளம் அடிக்கக் கூடாது என்று தலைவர் நிறுத்திவிட்டார். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்ன பிறகு லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒருவரும் எங்கள் படி ஏறவில்லை. ரோட்டுக்கு மேலே தகரக் கூரை போட்ட ஜெபவீடு ஒன்று இருந்தது. அங்கிருந்து சில பெண்கள் கூப்பிடாமலே வந்தார்கள். அடுப்பு மூட்டினார்கள், பாத்திரம் கழுவினார்கள், எழும்பாமல் கிடந்த என் மனைவியைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினாள். நான் அங்கே போகவில்லை. கோயிலுக்கும் போகவில்லை.

பள்ளியின் ஆரம்பப் பிரிவில் கிறிஸ்தவப் பிள்ளை அவள் ஒருத்திதான். சமயம் காலையில் முதல் பாடம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மண்டபத்துக்குப் போய், சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, பிள்ளையார் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள். வெளியே நிறுத்தப்பட்ட என் மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தோட்டத்து நாய்கள் சப்பாத்துகளைக் கவ்விக்கொண்டு ஓடாமல் பார்த்துக்கொள்வது. முதலாம் ஆண்டிலிருந்தே இதுதான் அவளுடைய சமய பாடம். மழை நாட்களில் சப்பாத்துகளைச் சுவரோரம் நகர்த்தி வைக்க வேண்டும். இடம் போதாவிட்டால் நனைவது அவள்.

அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அல்லேலூயா. கூப்பிடுவதற்கு அந்தப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு கையையும் தட்டினால் போதும். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நாயொன்று ஒற்றைச் சப்பாத்தைக் கவ்விப் போய்க் கடித்துப் போட்டுவிட்டது. அது தலைவரின் மகளுடையது. அந்தப் பிள்ளையும் இவளும் ஒரே வகுப்பு, படிப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வருவார்கள். காவலுக்கு இருந்தவள்தான் பொறுப்பு என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். இவளுடைய வலது சப்பாத்தைக் கழற்றி அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வைத்தார். கடிபட்டதை இவள் போட்டுக்கொண்டு வந்தாள். அளவு சரியாக இருக்கிறது என்று என்னிடம் காட்டினாள். முறைப்பாடாக அவள் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் தவணை தொடங்கிய வாரம் நான் அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்குப் போனேன். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர், என்னை உட்காரச் சொன்னார்.

"உங்கட பிள்ளை கெட்டிக்காரி. அது எனக்குத் தெரியும். ஆனா ஒரு பிள்ளைக்காகக் கிறிஸ்தவ சமயத்துக்கு நான் ஒரு ஆசிரியரைக் கேக்கேலாது. கேட்டாலும் தரமாட்டினம்."

வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஹட்டன் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். பிள்ளைகளைத் தொட்டு அடிக்காதவர் என்று தோட்டத்தில் அவருக்கு நல்ல பெயர். வினாத்தாள் யார் போடுவது, யார் திருத்துவது என்று அவர் கேட்டார். சப்பாத்துக் காவலைப் பற்றி நான் சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

"அவ மேல எனக்கென்னங்க கோவம்? சும்மா வெளியில நிக்கிற புள்ளைக்கு ஒரு வேலை குடுத்தா ஏங்காதுன்னுதான் குடுத்தேன். வேலை இல்லாம நிக்க வைக்கவா?"

பார்த்துச் செய்வோம் என்று அதிபர் எழுந்தார். நானும் எழுந்தேன். அதற்குப் பிறகும் அவள் சப்பாத்துகளைத்தான் காத்தாள்.

ஆடி மாதம் இரண்டாம் தவணைப் பரீட்சை வந்தது. சமயப் பரீட்சையன்று டீச்சர் அவளிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து ஏதாவது படம் வரையச் சொன்னாராம். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வினாத்தாளைக் கேட்டிருக்கிறாள். டீச்சர் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறார். அந்த வகுப்பில் சைவ சமயத்தில் அதிகப் புள்ளி எடுத்தவள் என் மகள். மண்டபத்து வாசற்படி ஜன்னலுக்கு நேர்கீழே இருந்தது. டீச்சர் உள்ளே வரி வரியாகச் சொல்லி, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, இவள் வெளியே சப்பாத்துகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டரை வருடமாக வாய்க்குள் சொல்லிவந்திருக்கிறாள். நாயன்மார்களின் ஊர்களும், விரதங்களும், பதிகங்களும் அவளுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் எவருக்கும் இது தெரியாது.

அந்தத் தவணை அறிக்கையில் கோடு இல்லை. வகுப்பில் முதலாவது. மனைவி சமயம் என்ற இடத்தில் இருந்த புள்ளியைப் பார்த்தாள். எந்தச் சமயம் என்று அதில் எழுதியிருக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

டீச்சருக்கு அன்றிலிருந்து மகளைப் பிடித்துவிட்டது. புரட்டாதியில், நவராத்திரிக்குப் பள்ளியில் நடக்கும் வாணி விழா வந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாள் பூசை. மூன்றாம் ஆண்டின் நாளில் மேடையில் பதிகம் பாட டீச்சர் இவளைத் தெரிவு செய்தார். இடைவேளைகளில் தனியாக வைத்துப் பழக்கினார். பாடும்போது கை கூப்பி நிற்க வேண்டும், இடையில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பாவம் என்று சொல்லிக்கொடுத்தார். பாட்டு நன்றாக இருந்தால் வருட இறுதியில் கேடயம் உனக்குத்தான் என்றும் சொன்னாராம். இதையெல்லாம் மகள் பின்னால்தான் எனக்குச் சொன்னாள். அதனால் என்ன வரும் என்று அன்று காலை அவளுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது தலையை இன்னும் இறுக்கிப் பின்னச் சொன்னாள், அவ்வளவுதான்.

திருநீறு பூசி, பட்டுப்பாவாடை கட்டி, மேடையில் அவள் பாடினாள். பாவாடை டீச்சர் கொண்டுவந்தது. சுண்டல் கொண்டுவந்த தாய்மார்களில் ஒருத்தி அதைப் போனில் எடுத்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பின்னேரக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் அது மலை முழுக்கப் பரவியிருந்தது. தராசுக்கு முன்னால் வரிசையில் நின்ற என் மனைவியின் முகத்துக்கு நேரே ஒருத்தி போனை நீட்டினாளாம். மனைவி அங்கே நடந்த பேச்சை ஒரு சொல் விடாமல் என்னிடம் சொன்னாள்.

"என்னக்கா, ஒங்க மக எங்க சாமியைப் பாடுது. நீங்க மட்டும் ஏன் அங்க போயி கையத் தட்டிக்கிட்டு கெடக்கிறீங்க?"

"ஆத்தாளுக்கு அல்லேலூயா, மகளுக்கு அரோகரா. ஒரே அடுப்புல ரெண்டு சட்டி."

"அப்ப தபால் ஐயா எந்தப் பக்கம்?"

"அவரு முத்திரை குத்துற பக்கம். எவன் கொண்டு வந்தாலும் குத்துவாரு."

தராசில் நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளையும் சிரித்தாராம். மனைவி கொழுந்தை நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகளைக் கூப்பிட்டுக் கேட்டாள். மகள் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னாள். கேடயம் கிடைக்கும் என்பதையும் சொன்னாள். மனைவி அவளை அடிக்கவில்லை. உட்கார்ந்து அழுதாள். லயத்தில் யாரும் வராத நாளில் வந்து அடுப்பு மூட்டியவர்களுடைய முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றாள். அந்தப் பெண்களும் தங்கள் போன்களில் அதே பாட்டைப் பார்த்திருப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

விஜயதசமிக்கு அடுத்த ஞாயிறு. வழக்கம் போல் மனைவியும் மகளும் ஜெபவீட்டுக்குப் போனார்கள். கூட்டம் முடியும் நேரத்தில் நான் ரோட்டு வரை போய்க் கூட்டி வருவது வழக்கம். அன்று கீழே ரோட்டிலேயே சத்தம் கேட்டது. ஜெபவீட்டில் சத்தம் புதிதில்லை, ஆனாலும் படியேறிப் போய் ஜன்னலில் பார்த்தேன். தலவாக்கலையிலிருந்து வரும் போதகர் நடுவில் நின்றார். அவருக்கு முன்னால் என் மகள். சுற்றிலும் பெண்கள்.

முன்பாதியை மனைவி சொல்லித்தான் அறிந்தேன். போதகர் அன்பாகத்தான் ஆரம்பித்தாராம். பள்ளியில் என்ன பாடினாய் மகளே என்று கேட்டிருக்கிறார். இவள் பெரியவர்கள் கேட்டால் முழுமையாகப் பதில் சொல்கிற பிள்ளை. கை கூப்பி நின்று, பதிகத்தை முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கிவிட்டாள். நிறுத்து என்றார். இடையில் நிறுத்தினால் பாவம் என்று இவள் கற்றிருந்தாள், நிறுத்தவில்லை. அத்தனை பேர் சத்தம் போட்டும் பிள்ளை பாடிக்கொண்டே இருந்ததைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. பாடுவது பிள்ளை இல்லை, பிள்ளைக்குள் இருப்பது என்று தீர்மானித்துவிட்டார்கள். போதகர் அவள் தலையில் எண்ணெய் தடவிக் கையை வைத்து அழுத்தினார்.

நான் ஜன்னலுக்கு வந்தது அப்போதுதான். "வெளியே போ, வெளியே போ" என்று எல்லோரும் கத்தினார்கள். மகள் வாசலைப் பார்த்து நடந்தாள். வெளியே போகச் சொன்னது தன்னைத்தான் என்று நினைத்தாள், பள்ளியில் ஒவ்வொரு காலையும் அவளுக்குச் சொல்வதும் அதைத்தானே. இரண்டு பெண்கள் அவளைத் தோளில் பிடித்து நடுவுக்கு இழுத்தார்கள். மறுபடியும் வெளியே போ என்றார்கள். மறுபடியும் போகப் பார்த்தாள், மறுபடியும் இழுத்தார்கள். அவளுடைய பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவள் தாய் பெண்கள் வரிசையில் இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடி, அழுதுகொண்டே அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போய் மகளைத் தூக்கினேன். என் மைத்துனனின் சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து அடுப்பு மூட்டிய அம்மா என் கையைப் பிடித்தார்.

"பாதியில தூக்கினா அது ஒங்க வீட்டுக்குத்தான் வரும் தம்பி."

"வரட்டும்மா. அதுக்கும் ஒரு வாய் சோறு போடுறேன்."

நல்ல எண்ணத்தில்தான் அவர் சொன்னார். அது எனக்கு இப்போதும் தெரியும். மகள் வரும் வழி முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள், கடைசி இரண்டு வரி மிச்சம் இருக்கிறது, இப்போது பாடினால் சரியாகுமா என்று. பாடு என்றேன். என் தோளில் சாய்ந்தபடி பாடி முடித்தாள்.

திங்கட்கிழமை பின்னேரம் தலைவர் சில ஆட்களோடு வந்தார். மைத்துனன் செத்த பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் முறை. நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நம்ம புள்ளைங்க அது. நம்ம புள்ள மேல கை வச்சிருக்கானுங்க. நீங்க ஒரு பெட்டிசன் எழுதுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம். வெள்ளிக்கெழமை கோயிலுக்குக் கூட்டிட்டு வாங்க, மாலை போட்டு உக்கார வைப்போம்."

நான் எழுத மாட்டேன் என்றேன். கோயிலுக்கும் அனுப்ப மாட்டேன் என்றேன். ஆம்பளையா நீங்க என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அந்த வார முடிவில் ஜெபவீட்டின் கூரைத் தகரத்தில் கற்கள் விழுந்தன. எறிந்தவர்கள் என் மகளின் பெயரைச் சொல்லித்தான் எறிந்தார்களாம். பிறகு சில நாட்களுக்கு என் மனைவியோடு கொழுந்தெடுக்க ஒரே நிரையில் நிற்க எந்தப் பக்கத்தாரும் வரவில்லை.

பள்ளியில் டீச்சர் மகளை மண்டபத்துக்குள் உட்கார அனுமதித்தார், கடைசி வரிசையில். ஒவ்வொரு காலையும் தன் கையால் அவளுக்குத் திருநீறு பூசினார். இடைவேளையில் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு விளையாடினார்கள். ஒரு பிள்ளை நடுவில் நிற்கும். மற்றவர்கள் அதன் தலையில் கையை வைத்து அழுத்தி, வெளியே போ என்று கத்துவார்கள். நடுவில் நிற்பது ஒவ்வொரு நாளும் நீதானா என்று மகளிடம் கேட்டேன்.

"ஆமாம்ப்பா. நான்தான் பேய். மத்த புள்ளைங்க பேயா நின்னா அழுவாங்களாம்."

கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்திய வாரம் மூன்றாம் தவணைப் பரீட்சை நடந்தது. சைவ சமயத் தாளையும் மகள் எழுதினாள். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய்த் தனியாக வந்துகொண்டிருந்தாள். மகளை விட்டுவிட்டுப் போ என்று நான் கேட்கவில்லை, அவளாகவே விட்டுவிட்டாள். வருட இறுதி முடிவில் மகள் முதலாவது. தலைவரின் மகள் இரண்டாவது. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் சமயப் பாடத்தில் மட்டும்தான்.

கேடயங்களுக்குப் பணம் கொடுப்பது கோயில் கமிட்டி. மார்கழி தொடங்கிய பிறகு ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் மனைவியையும் அதிபர் வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது தலைவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். டீச்சரும் இருந்தார். மகளை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

தலைவர் பேசிய நியாயத்தில் பிழை சொல்ல முடியாது. சேர்வு இடாப்பில் இந்தப் பிள்ளை கிறிஸ்தவம். கிறிஸ்தவப் பிள்ளைக்குச் சைவ சமயப் புள்ளியை எப்படிக் கூட்டலாம்? சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம்தானே. இரண்டு மாதத்துக்கு முன்னால் நம்ம பிள்ளை என்று சொன்னது யார் என்று நான் கேட்டேன். அதைப் பற்றி இப்போது பேச்சு இல்லை என்றார்.

அதிபர் ஒரு வழி சொன்னார். இடாப்பில் சமயத்தை மாற்றித் தாயும் தகப்பனும் கையொப்பம் வைத்தால் புள்ளி நிற்கும். இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். எனக்கு எந்தப் பெயரும் ஒன்றுதான். மனைவி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நான் வைக்க மாட்டேங்க சேர். எங்க வீட்டுல சாவு விழுந்தப்ப இவரு தப்பையும் நிப்பாட்டினாரு, ஆளையும் நிப்பாட்டினாரு. அன்னைக்கி வந்தவங்கள நான் விட்டுட்டு வர முடியாது. புள்ள எழுதினது எழுதினதுதானே. அதுக்கு மார்க்க குடுங்க."

"அதுங்க படிச்ச பாட்டுக்கு மார்க்ஸ் வேணும், அந்தச் சாமி வேணாமாம்," என்றார் தலைவர், டீச்சரைப் பார்த்து. டீச்சர் லேசாகச் சிரித்தார்.

அதிபருக்கு இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிள்ளை, பயப்பிடாதையுங்கோ. நீங்களே சொல்லுங்கோ. நீங்கள் என்ன சமயம்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். டீச்சரையும் பார்த்தாள். டீச்சர் புருவத்தை உயர்த்தி நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மகளின் நெற்றியில் அன்று காலை அவர் பூசிய திருநீறு இருந்தது. எண்ணெய் தடவி அழுத்திய இடமும் அதற்குச் சற்று மேலேதான். அவள் கணக்குப் போடும்போது யோசிப்பது போலத்தான் யோசித்தாள்.

"எது சொன்னா மார்க்ஸ் குடுப்பீங்க சேர்?"

முதலில் டீச்சர்தான் வாயைத் திறந்தார். தாழ்ந்த குரலில், உண்மையிலேயே மனம் நொந்துதான் சொன்னார்.

"பாத்தீங்களா சேர். மார்க்ஸுக்காகத்தான் அத்தனையும் படிச்சிருக்கு. பக்தி ஒரு பொட்டுக்கூட இல்லை. இந்தப் புள்ளைக்கா நான் தெனமும் திருநீறு பூசினேன்."

மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் காத்திருந்த பதிலும் அது இல்லை. அதிபரின் முகம் மாறிவிட்டது. பிள்ளையிடம் கேட்டிருக்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. இந்த வயதிலேயே இப்படியென்றால் என்று முணுமுணுத்தார். பிறகு அடிமட்டத்தை எடுத்தார். எங்கள் கண் முன்னாலேயே புள்ளிக்கு மேலே கோட்டை இழுத்து, பக்கத்தில் சிறிய கையொப்பம் வைத்தார். தலைவர் எழுந்து அவருக்குக் கைகொடுத்தார். மகளின் கன்னத்தையும் தட்டிவிட்டுப் போனார்.

பரிசளிப்பு விழா மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. நான்காம் ஆண்டு தொடங்கியிருந்தது. சுத்தமாக உடுத்தி, ஆடாமல் அசையாமல் நிற்கக் கூடிய பிள்ளை என்பதால் மேடையில் பரிசுத் தட்டு ஏந்த மகளைத் தெரிவு செய்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போக வேண்டாம் என்றேன். டீச்சர் கேட்டிருக்கிறார், போகாவிட்டால் கோபிப்பார் என்றாள் மகள். மனைவி அவளுடைய தலையைப் பின்னி வெள்ளை ரிப்பன் கட்டிவிட்டாள். நாங்கள் இருவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

பிரதம விருந்தினர் தோட்டத்து மேலாளரான பெரிய துரை. புதிதாக வந்தவர், சிங்களவர், தமிழ் தெரியாது. ஒவ்வொரு வகுப்பாகப் பெயர் வாசித்தார்கள். மகள் தட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றாள். மூன்றாம் ஆண்டு முதலாமிடம் என்று வாசித்தபோது தட்டில் அந்தக் கேடயம் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே அதை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவரின் மகள் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வரக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. துரை திரும்பிப் பார்த்தார். கண் கொட்டாமல் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைதான் பரிசுக்குரியவள் என்று நினைத்துவிட்டார். கேடயத்தை எடுத்து மகளின் கையில் வைத்து, நல்லது மகளே என்ற பொருளில் "ஹொந்தய் துவே, ஹொந்தய்" என்று சிங்களத்தில் சொல்லிக் கைகுலுக்கினார். போட்டோக்காரர் போட்டோவும் எடுத்துவிட்டார். மகள் ஒரு கையில் தட்டோடும் ஒரு கையில் கேடயத்தோடும் நின்றாள். ஒரு நிமிடமும் ஆகியிருக்காது. டீச்சர் ஓடிவந்து கேடயத்தை வாங்கி, துரையின் காதில் ஏதோ சொல்லி, வந்து சேர்ந்த தலைவரின் மகள் கையில் வைத்தார்.

கூட்டம் சிரித்தது. துரையும் தன் தவறுக்குச் சிரித்தார். முன்வரிசையில் தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். பிள்ளைகள் வரிசையிலிருந்து யாரோ இரண்டு முறை கை தட்டினார்கள், அது கூப்பிடுவதற்காகத் தட்டும் தட்டு, பிறகு அந்த வரிசை முழுவதும் அப்படியே தட்டியது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து மகளும் சிரித்தாள். மனைவி எழுந்து வெளியே போனாள். நான் இருந்தேன். நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டுப் பரிசுகளும் முடியும்வரை அவள் அதே இடத்தில் தட்டு ஏந்தி நின்றாள்.

விழா முடிந்து மேடைக்குப் பக்கத்தில் போய், வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். கொஞ்சம் இருங்கப்பா என்றாள். துரையை வரவேற்ற குங்குமம் தட்டில் கொட்டியிருக்கிறது, கழுவி வைத்துவிட்டு வரச் சொன்னார் டீச்சர் என்று சொல்லிக் குழாயடிக்குப் போனாள்.